மருந்து தெளித்த நாளின் இரவு



பயிருக்கு மருந்து தெளித்த நாளின் இரவில் உறக்கம் வாராதிருந்தால், அதை உடல் அலுப்பென்று தள்ளிவிடலாகாது. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்குவது போலவே மனிதனின் நரம்பையும் தாக்குகின்றன. தலைவலி, உறக்கமின்மை, கெட்ட கனவுகள் அதன் அறிகுறிகளாகலாம். நஞ்சு மூச்சின் வழியாக மட்டுமன்றி, தோலின் வழியாகவும் உட்புகும்.

ஆகவே, காற்றை எதிர்த்துத் தெளிக்காதீர்கள். வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் குளியுங்கள். உடைகளைத் தனியே துவையுங்கள். மருந்தைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருப்பின் அது மிகக் கொடிய நஞ்சு, பச்சையும் நஞ்சே. மிகுந்த வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, பார்வை மங்கல் கண்டால், டப்பாவுடன் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இவற்றை ஒவ்வொரு கிராமசபையிலும் எடுத்துரைப்பது பஞ்சாயத்தின் கடமை. பயிரைக் காப்பவரின் உறக்கமும் காக்கப்பட வேண்டுமன்றோ?