ஊன்றுகோல் தானமல்ல, உரிமை
(நமது சங்கத்தின் சித்தூர், திருப்பதி கிளைகள் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொழியுரிமை, குடும்ப அட்டை, பள்ளிக்கூடம் என்று பேச எத்தனையோ இருக்கும்போது, ஊன்றுகோலையும் சக்கர நாற்காலியையும் பற்றி இந்த மேடையில் பேசுவானேன் என்று சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயமே. பிழைப்புத் தேடி இந்தச் சீமைக்கு வந்த நமக்குக் கையும் காலும் கண்ணும் காதுமே முதல். அந்த முதல் தேய்ந்துபோனால் வட்டி கட்டுவது யார் என்பது அரசியல் கேள்வி அல்லவா? முன்பு ஊனமுற்றோர் என்று எழுதினோம்; இன்று மாற்றுத்திறனாளிகள் என்று எழுதுகிறோம். சொல் மாறியது நல்லதே. ஆனால் அலுவலக வாசலில் உள்ள படிக்கட்டு மாறியதா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நமது வட்டாரம் இந்தத் துறையில் பின்தங்கிய வட்டாரம் அல்ல. சித்தூருக்குப் பக்கத்திலேயே வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மூலையில் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்ததற்கு அவரே காரணம். திருப்பதியில் 1985 முதல் தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை இருக்கிறது. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய எத்தனையோ பேரை அது எழுந்து நடக்க வைத்திருக்கிறது.

ஜெய்ப்பூர் கால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1968-ல் டாக்டர் சேத்தியும், பெரிய படிப்பில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குப் பூட்ஸ் வேண்டும். அதை மாட்டிக்கொண்டு சம்மணமிட முடியாது, குந்த முடியாது, சேற்றில் இறங்க முடியாது. நம் மக்களோ வெறுங்காலோடு வயலில் நடப்பவர்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள். அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி ரப்பரையும் மரத்தையும் வைத்துச் செய்தார்கள். தொழிலாளியின் கைத்திறனும் மருத்துவனின் படிப்பும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் குறை எங்கே? மூன்று இடத்தில் இருக்கிறது.

முதல் குறை, கொடுப்பதோடு கைகழுவிவிடுவது. முகாம் நடக்கிறது, மாலை விழுகிறது, புகைப்படம் எடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து என்ன ஆகிறது? கால் எடுத்தபின் எஞ்சிய பகுதி மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும். முதலில் பொருந்திய குழி பிறகு பொருந்தாது. பிள்ளை வளர வளர காலிப்பரை மாற்ற வேண்டும். காதுக் கருவிக்குச் செல் வேண்டும், காதுக்குத் தக்கபடி ஒலியைத் திருத்த வேண்டும். இதற்கெல்லாம் வழியில்லாததால் எத்தனை வீட்டுப் பரணில் கருவிகள் தூங்குகின்றன! இந்தியாவில் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். அந்த நோய் போய்விட்டது, மகிழ்ச்சி. ஆனால் அதற்கு முன் அது தாக்கிய பிள்ளைகள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்து, தேய்ந்த மூட்டோடு நிற்கிறார்கள். நோய் ஒழிந்ததால் அவர்களையும் மறந்துவிடலாமா?

இரண்டாவது குறை, பாதை. ரயில்வேயில் வேலை செய்யும் நாம் நம் வீட்டைப் பற்றியே பேசுவோம். உயரமான நடைமேடை தண்டவாளத்திலிருந்து அதிகம் போனால் 840 மில்லிமீட்டர். பெட்டியின் தளமோ 1,200 மில்லிமீட்டருக்கும் மேலே. இடையில் ஓரடிக்கும் மேல் ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் பறந்தா ஏறுவார்? தாழ்ந்த நடைமேடை உள்ள சிறு நிலையங்களைச் சொல்லவே வேண்டாம். சாய்தளத்துக்கும் கணக்கு உண்டு: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடி நீளத்தில் சிமெண்டைச் சரித்து ஊற்றிவிட்டுச் சாய்தளம் என்று பெயர் வைத்தால், அது ஏற உதவாது, விழத்தான் உதவும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1995-ல் ஒன்று வந்தது. அதைவிட வலுவானதாக 2016-ல் இன்னொன்று வந்தது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களை எல்லோரும் நுழையும்படி மாற்ற வேண்டும் என்றது. விதிகள் 2017-ல் வந்தன. கெடு 2022-ல் முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வெறும் வழிகாட்டுதல்கள் போதாது, மீறமுடியாத கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் தொடுத்த வழக்கு அது. ஒரு தனி மனிதர் தட்டியதில் கதவு அசைந்ததென்றால், சங்கம் தட்டினால் திறக்காதா?

முதியோர் கதையைக் கேளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு ஊன்றுகோல், காதுக் கருவி, கண்ணாடி, பல்செட் இலவசமாகத் தரும் வயோஸ்ரீ திட்டத்தை 2017 ஏப்ரலில் நம் பக்கத்து நெல்லூரில்தான் தொடங்கினார்கள். வரவேற்றோம். 2020 மார்ச்சில் முதியோரின் ரயில் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். பெருந்தொற்று ஓய்ந்த பிறகும் அது திரும்பவில்லை. நடக்கக் கோல் கொடுத்துவிட்டுப் போகும் வண்டிக்கு முழுக் கட்டணம் கேட்பது என்ன நியாயம்?

மூன்றாவது குறை நமக்கே உரியது: மாநில எல்லை. ஒரு மாநிலத்தில் பெற்ற ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 2016 சட்டம் சொல்கிறது. ஆனால் மாத உதவித்தொகையும் பஸ் சலுகையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஊரில் அட்டை, இங்கே வேலை என்றிருப்பவன் இரண்டு சாளரத்திலும் திருப்பி அனுப்பப்படுகிறான். போதாக்குறைக்கு, எங்கே வலிக்கிறது, எங்கே உரசுகிறது என்பதைத் தமிழ் மட்டும் தெரிந்த மூதாட்டி யாரிடம் சொல்வாள்? அளவெடுப்பவருக்கு அது புரியாவிட்டால் கருவி எப்படிப் பொருந்தும்? இங்கே மொழிப் பிரச்சினை உடம்புப் பிரச்சினையாகிவிடுகிறது. தெலுங்குத் தொழிலாளிக்கும் நமக்கும் இதில் பகையில்லை. அதே படிக்கட்டில்தான் அவரும் தவழ்கிறார். அவரையும் சேர்த்துக்கொண்டே கேட்போம்.

ஆகவே தோழர்களே, இந்தக் கூட்டத்தின் முன் நான்கு வேலைகளை வைக்கிறோம். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் யாருக்கு என்ன கருவி தேவை, யாரிடம் உள்ள கருவி பழுது என்று வீடு வீடாகப் பட்டியல் எடுக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகிறவர்களோடு இரு மொழியும் தெரிந்த ஒருவர் துணை போக வேண்டும். பழுது பார்க்க மாவட்டத்துக்கு ஒரு நிரந்தரப் பட்டறை கேட்டு இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் மனுக் கொடுக்க வேண்டும். நாம் போகும் நிலையம், வங்கி, அலுவலகம் எல்லாவற்றிலும் சாய்தளத்தை நூல் பிடித்து அளந்து எழுதி வர வேண்டும். அளவோடு போகிறவனுக்கு அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்று நன்றாக நடப்பவர்களும் ஒருநாள் கோல் ஊன்றப் போகிறவர்களே. அந்த நாளுக்கான படியை இன்றே இடிப்போம். பட்டியல் எடுக்கும் வேலை வரும் ஞாயிறு தொடங்கட்டும்.