அளக்கும் கருவியை அளந்தது யார்?



ஜொகூர் என்றால் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும்தான். இன்று பாசிர் கூடாங், செனாய், மூவார், பத்து பகாட் என்று எங்கு திரும்பினாலும் தொழிற்பேட்டைகள். மூவாரில் எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மின்சில்லு ஆலை 1974 முதல் இயங்கி வருகிறது. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று மல்டிமீட்டரும் ஆசிலோஸ்கோப்பும் பிடிக்கும் தொழில்நுட்பர்கள். அந்தப் பிள்ளைகளின் உயிரைப் பற்றியது இந்தப் பேச்சு.

இரவு ஷிப்டில் ஓர் இயந்திரம் நின்றுவிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தொழில்நுட்பர் சுவிட்சை அணைக்கிறார். மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார். திரையில் பூஜ்யம். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கையை உள்ளே விடுகிறார். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மின்சாரம் இல்லை. மற்றொன்று, மீட்டரின் வயர் உறைக்குள் அறுந்து கிடக்கிறது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மூன்று முனை மின்சாரம் 400 வோல்ட். உடலில் சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பு குலைந்து உயிரே போகலாம். ஒரு சாதாரண டார்ச் விளக்கு பல்பு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம்கூட இதைவிட அதிகம்!

இதற்கு மாற்று வழி மிக எளிது. மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து, பழுது பார்க்கும் இடத்தில் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, மீண்டும் முதல் இடத்திற்கே சென்று மீட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

அடுத்தது பியூஸ். தரமான மல்டிமீட்டருக்குள் மணல் நிரப்பிய பீங்கான் பியூஸ் இருக்கும். அது எரிந்துவிட்டால், அந்த விலையில் புதியது வாங்க மனமில்லாமல் சிலர் கண்ணாடி பியூஸைப் போட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறார்கள். மின்னோட்டம் அளக்கும் துளையில் வயரைச் செருகியபடியே ஒருவர் மறந்துபோய் 400 வோல்ட்டைத் தொட்டால் என்ன ஆகும்? மீட்டர் வழியே நேரடி ஷார்ட் சர்க்கியூட். ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும். பீங்கான் பியூஸ் அதை வெட்டிவிடும். வெள்ளித்தாள் வெட்டாது, கையிலிருக்கும் மீட்டரே நெருப்புப் பந்தாக வெடிக்கும்.

மீட்டரின் முகப்பில் கேட் 2, கேட் 3, கேட் 4 என்று அச்சிட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். கேட் 2 சுவரிலுள்ள பிளக்கில் செருகும் சாதனங்களுக்கு. கேட் 3 கட்டடத்தின் மின்விநியோகப் பெட்டிக்கு. கேட் 4 கட்டடத்துக்குள் மின்சாரம் நுழையும் இடத்திற்கு. மீட்டரும் அதன் வயர்களும் இரண்டுமே அந்தத் தரத்தில் இருக்க வேண்டும்.

ஆசிலோஸ்கோப்புக்கு வருவோம். அதன் புரோபில் உள்ள கிளிப், எர்த்துடன் இணைந்தது. நேரடி மின்சாரம் ஓடும் சுற்றில் அதை மாட்டினால் ஷார்ட் ஆகும் என்பதற்காக, பிளக்கின் எர்த் இணைப்பையே துண்டித்துவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அப்போது அந்த ஸ்கோப்பின் உலோக உடம்பு முழுவதும் உயிர்க் கம்பியாக மாறிவிடும். அடுத்து வந்து தொடுபவருக்கு அது தெரியாது. டிஃபரென்ஷியல் புரோபைப் பயன்படுத்துவதே முறையான வழி.

சரி, கருவியே பழுதானால்? திறப்பதற்கு முன் அளவு வயர்களைக் கழற்ற வேண்டும், பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதோடு முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். 230 வோல்ட்டில் இயங்கும் பவர் சப்ளையில் அது சுமார் 325 வோல்ட் வரை ஏறியிருக்கும். பழைய படக்குழாய் ஸ்கோப்புகளில் பல ஆயிரம் வோல்ட். சுவிட்ச்போர்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இருந்தாலும், கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்திடமிருந்து அது காப்பாற்றாது. சில நிமிடங்கள் காத்திருந்து, அளந்து பார்த்து, தகுந்த ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீண்டும் அளந்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்வது வீரமல்ல, விபத்து. தனியாக இருக்கும்போது இந்த வேலையில் இறங்கவும் கூடாது.

ஜொகூரின் புழுக்கமும் கருவிகளுக்குப் பகைதான். நெடுநாள் பயன்படுத்தாத மீட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்த அல்கலைன் பேட்டரியின் திரவம் தோலையும் கண்ணையும் அரிக்கும்; கையுறை, கண்ணாடி அணிந்து துடையுங்கள். ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்தால், அது முழுக்க உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுங்கள்.

"எங்கள் கருவியில்தான் அளவுத்திருத்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். ஐஎஸ்ஓ 17025 தரம் பெற்ற ஆய்வுக்கூடம் தரும் அந்தச் சான்று அவசியமானதுதான். ஆனால் அது சோதித்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். மறுநாள் கீழே விழுந்து வயர் அறுந்ததை ஸ்டிக்கர் அறியாது. ஒவ்வொரு நாளும் கருவியைச் சோதிப்பது அதைக் கையில் எடுப்பவரின் கடமை.

முதலாளிக்கும் கடமை உண்டு. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதை விதிக்கிறது. 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகவும் உரிமை உண்டு. ஆகவே, "இந்த மீட்டரின் வயர் வெடித்திருக்கிறது, மாற்றித் தாருங்கள்" என்று கேட்க எந்த இளைஞரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்டவரைக் கேலி செய்யாமல் இருப்பது மூத்தவர்களின் பொறுப்பு.

பெற்றோர்களே, வேலை முடிந்து வரும் பிள்ளையிடம் ஓவர்டைம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். இன்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்: "உன் மீட்டரை இன்றைக்குச் சோதித்துப் பார்த்தாயா?"