பத்திரம் என்னும் கயிறு

இந்த நினைவு அரங்கில் நாம் வழக்கமாக இலக்கியம் பேசுவோம். இன்று ஒரு பத்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம். நம் சேரி இளைஞர்கள் பலர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட பத்திரம் அது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 என்ற பிரிவுகளை நாம் அறிவோம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அவை 126, 129. எண்தான் மாறியது. அமைதி காப்பேன் என்று ஓராண்டு வரைக்கும், நன்னடத்தையோடு இருப்பேன் என்று மூன்றாண்டு வரைக்கும் கோட்டாட்சியர் எழுதி வாங்கலாம். எழுதிக் கொடுத்தவன் வெளியேதான் இருக்கிறான். கயிறு அவர்கள் கையில். இடையில் ஒரு புதிய வழக்கு பதிவானால், பத்திரத்தை மீறினான் என்று மீதி நாட்களுக்குச் சிறை. அந்த வழக்கில் பிறகு விடுதலை கிடைக்கலாம். சிறையில் கழிந்த நாட்களை யார் தருவார்கள்?

செய்ததற்காக அல்ல, செய்யக்கூடியவன் என்பதற்காகக் கண்காணிப்பது இங்கே பழைய வழக்கம். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அந்தச் சட்டம் போய்விட்டது. அந்தப் பார்வை போகவில்லை.

ஆனால் சட்டம் சொல்வதையும் நாம் படிக்க வேண்டும். சிறைக்கு அனுப்பும் பழைய பிரிவு 122, இப்போது 141. பத்திரம் மீறப்பட்டது நிரூபிக்கப்பட வேண்டும். அதற்கான காரணங்களை நடுவர் எழுதிவைக்க வேண்டும் என்கிறது அது. முதல் தகவல் அறிக்கை புகார்தான், நிரூபணம் அல்ல. மேலும் அந்தப் பிரிவு பேசுவது அமைதி காக்கும் பத்திரத்தைப் பற்றி. நன்னடத்தைப் பத்திரத்துக்கு அதைப் பயன்படுத்தியிருந்தால், அதுவே நம் முதல் கேள்வி.

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, காவல் துணை ஆணையர்களுக்கு இந்த நடுவர் அதிகாரத்தைத் தந்த அரசாணைகள் செல்லாது என்றது. பிடிப்பவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

சிறைக்கு அனுப்பிய உத்தரவை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ சீராய்வு மனு போடலாம். கெடு 90 நாள். அதுவரை காத்திருந்தால் பத்திரத்தின் காலமே முடிந்துவிடலாம். பிறகு வென்று என்ன பயன்? மனு நிலுவையில் இருக்கும்போதே உத்தரவை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கலாம். அதையும் சேர்த்தே கேட்போம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று எந்தத் தாயும் திரும்பிப் போகக் கூடாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரைத் தர வேண்டும். காவலில் இருப்பவர் யாருக்கும் அந்த உரிமை உண்டு.

மாணவத் தோழர்களே, ஒருவனைக் கொண்டுபோன அன்றே உத்தரவின் நகலைக் கேளுங்கள். காரணம் எழுதியிருக்கிறதா, அவன் தரப்பைக் கேட்டார்களா என்று பாருங்கள். நினைவு நாளில் மாலை போடுகிறோம். அந்த நகலையும் கையில் வாங்குவோம்.

ஜெய் பீம்.