வந்தவரும் நம்மவரே



1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடிக் கடற்கரையில் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்க், மற்றவர் புளுட்சோ. டென்மார்க் அரசர் அனுப்பிய லுத்தரன் சபைப் பணியாளர்கள். அங்கிருந்த டேனிய அதிகாரிகளே அவர்களை விரும்பவில்லை. சீகன்பால்க் நான்கு மாதம் சிறையிலும் அடைபட்டார்.

ஆனால் நம் ஊர்க்காரர் ஒருவர் அவர்களுக்குக் கதவைத் திறந்தார். அவர் ஒரு முதிய தமிழ் ஆசிரியர். தம் பள்ளிப் பிள்ளைகளை அந்த வெளிநாட்டவரின் வீட்டுக்கே அழைத்துவந்து பாடம் நடத்தினார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார் சீகன்பால்க். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. 1719-இல், 36 வயதில், அவர் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே, தரங்கம்பாடி மண்ணிலேயே, அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வேறு சபையைச் சேர்ந்தவர். நமக்கு நற்செய்தி சொன்னவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் போர்த்துக்கல் நாட்டவர். தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் இத்தாலி நாட்டவர். அந்நியரை நம் முன்னோர் ஏற்றுக்கொண்டதால் நாம் பெற்ற நன்மை இது.

அன்பானவர்களே, புலம்பெயர்தல் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. நம் பகுதியின் பெரிய வீடுகளில் நிற்கும் பர்மா தேக்குத் தூண்களே அதற்குச் சாட்சி. பர்மா, மலாயா, இலங்கை என்று இங்கிருந்து தொழிலுக்குப் போனார்கள். 1930-களில் விலைவாசி சரிந்து, கடனுக்காகப் பர்மிய விவசாயிகளின் நிலங்கள் நம்மவர் கைக்கு வந்தபோது, அங்கே வெறுப்பும் வளர்ந்தது. 1942-இல் போர் வந்தபோது பர்மாவிலிருந்த தமிழர் பலர் காட்டையும் மலையையும் நடந்தே கடந்து திரும்பினார்கள். வழியிலேயே மாண்டவர்களும் உண்டு. அந்நிய மண்ணில் வாழ்வது எத்தகையது என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும்.

இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் நம் ஊருக்கு வருகிறார்கள். உணவகத்தில் மேசை துடைக்கிறார்கள். கட்டடத்தில் செங்கல் சுமக்கிறார்கள். அவர்களை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பெயரைக் கேட்பதில்லை. கூலியைப் பேசும்போது, இவனுக்கு இது போதும் என்கிறோம்.

இறுதித் தீர்வையில் ஆண்டவர் நம்மிடம் கேட்கவிருப்பதை மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்நியராக வந்தவரை ஏற்றுக்கொண்டோமா என்பதும் அதில் ஒன்று. குழந்தை இயேசுவும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்தாம்.

எனவே இந்த வாரம் ஒன்று செய்வோம். நம் தெருவில் வேலை செய்யும் ஒருவரின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி அழைப்போம். பேசிய கூலியைக் குறையாமல், அன்றைக்கே கொடுப்போம். அவருடைய பிள்ளைக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். அவர் கத்தோலிக்கராக இருந்தால், ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் இடம் கொடுப்போம்.

அந்த முதிய ஆசிரியர் செய்தது பெரிய காரியமல்ல. தமக்குத் தெரிந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். நம்மாலும் அது முடியும். அதற்கான மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.