விடிய விடிய ஆடிய கர்ணன்

என் கையில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறது. இதில் ஒரு வட்டம் போடுகிறேன். பக்கத்தில் ஒரு பெட்டி. இன்றைக்குச் சொல்லப்போகும் கதை இந்த வட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் நடந்தது.

வட்டம், மட்டக்களப்புப் பக்கத்துக் கூத்துக் களரி. ஊர் வெளியில் மண் போட்டு வட்டமாக உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டுச் சோடித்திருப்பார்கள். சனம் நாலு பக்கமும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். இரவு தொடங்கினால் விடியும்போதுதான் வாழி பாடி முடிப்பார்கள். பெட்டி, நமக்கெல்லாம் தெரிந்த மண்டப மேடை. மூன்று பக்கம் அடைப்பு, முன்பக்கம் திரை. பார்க்கிறவர் கதிரையில் இருப்பார், அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பார்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் அந்த வட்டத்தை இந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்தார்கள். எப்படி என்று பார்ப்போம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. பத்து வருடம் கழித்து, கண்டிக்குப் பக்கத்தில் மகாவலி ஓடுகிற பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. கொழும்பில் இருந்தபோதே அங்கே ஆங்கில நாடகம் வேரூன்றியிருந்தது. ஆங்கிலப் பேராசிரியர் லுடோவைக் மேல்நாட்டு நாடகங்களை மாணவர்களை வைத்து ஆண்டுதோறும் மேடையேற்றி, நல்ல பெயர் எடுத்திருந்தார்.

தமிழ்ப் பக்கம் அதற்குச் சளைக்கவில்லை. தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும். ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து லண்டனில் பட்டம் வாங்கியவர். அப்படிப்பட்டவர் நாடகம் எழுதினால் எப்படியிருக்கும் என்று நினைப்பீர்கள்? செந்தமிழ் வழிந்து ஓடும் என்றுதானே? அதுதான் இல்லை. யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் பேசுகிற தமிழ் அப்படியே மேடைக்கு வந்தது. ‘உடையார் மிடுக்கு’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’, ‘முருகன் திருகுதாளம்’, ‘கண்ணன் கூத்து’ ஆகிய நாலையும் சேர்த்து 1940இல் ‘நானாடகம்’ என்று புத்தகமாகப் போட்டார். மற்ற மேடைகளில் எல்லோரும் “சுவாமி”, “நாதா” என்று கூவிக்கொண்டிருந்த காலம் அது. என்னைக் கேட்டால், கல்வெட்டு வாசித்த காதுதான் அந்தப் பேச்சையும் பிடித்திருக்கிறது. எழுத்தில் மாட்டிக்கொண்ட பேச்சைத் தேடுவதுதானே அவர் தொழில்.

இந்த நாடகங்களைத் தமிழ்ச் சங்கத்து மாணவர்கள் நடித்தார்கள். அவற்றில் சிலவற்றை இயக்கியவர் கணபதிப்பிள்ளையின் மாணவர், பிறகு அதே துறையில் விரிவுரையாளரான சு. வித்தியானந்தன். பின்னாளில் தமிழ் நாடக ஆய்வில் பெரிய பெயரான கா. சிவத்தம்பியும் அங்கே நடித்த மாணவர்களில் ஒருவர். இதுவரைக்கும் எல்லாம் பெட்டிக்குள் நடந்த நாடகம்தான். கதிரை, மேசை, வீடு, வசனம்.

1956 வருகிறது. ஜூன் மாதம் சிங்களம் மட்டும் சட்டம். நாடு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பக்கமும் “நாங்கள் யார், எங்களுடையது எது” என்று தேடத் தொடங்கிய வருடம். கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் கடைசி அரசனை வைத்து எழுதிய ‘சங்கிலி’ வெளிவந்தது அந்த வருடம்தான். நவம்பர் 3ஆம் தேதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ என்ற சிங்கள நாடகம் ஏறியதும் அதே வருடம்.

‘மனமே’யைச் செய்தவர் பேராதனைப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. நடித்தவர்கள் மாணவர்கள். ஒரு பௌத்த ஜாதகக் கதையை எடுத்து, தென்கரையோரத்துப் பழைய ஆட்டவகை ஒன்றில் அமைத்தார். பழக்கியவர் அம்பலாங்கொடைப் பக்கத்து மரபுக் கலைஞர் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே. அன்றைக்கு அரங்கில் இருந்தவர்களுக்கு அது இடி விழுந்த மாதிரி. நவீன சிங்கள நாடகம் அந்த இரவில்தான் பிறந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு சுவையான விஷயம். அந்தச் சிங்கள ஆட்டவகைக்குப் பெயரே ‘நாடகம’. அதற்கு அடிக்கிறது மத்தளம். கத்தோலிக்கர் வழியாகக் கரையோரம் போய்ச் சேர்ந்த தமிழ்க் கூத்திலிருந்து வந்தது அது. சரச்சந்திரவே சிங்கள நாட்டார் நாடகம் பற்றிய தன் ஆய்வில் இதை எழுதியிருக்கிறார். ஆக, சிங்களவர் தங்கள் வேரைத் தேடிப்போன இடத்தில் நம்முடைய மத்தளம் இருந்தது. நமக்கோ அந்த மத்தளம் படிக்காத சனத்தின் பொழுதுபோக்கு. யாழ்ப்பாணத்து இங்கிலீசு வீடுகளில் “கூத்தாடி” என்றால் வசவு.

வித்தியானந்தன் அப்போது இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தார். அவர் ஊர் ஊராகப் போனார். மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு. கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரைத் தேடிப் பிடித்தார், போட்டி வைத்தார், கூத்து ஏடுகளைப் பதிப்பித்தார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க நாடகங்களான ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’ அச்சேறியது இவரால்தான்.

பிறகு மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரைப் பேராதனைக்குக் கூட்டிவந்தார். இந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கனவோடு கட்டிய வளாகம். அங்கே வேட்டி கட்டிய ஒரு அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு, பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்குத் தாளக்கட்டுச் சொல்கிறார். காலைத் தப்பாக வைத்தால் மத்தளம் நின்றுவிடும். திரும்ப முதலிலிருந்து. பரீட்சையில் எத்தனை புள்ளி வாங்கியவன் என்பதெல்லாம் அந்தக் காலுக்குத் தெரியாது.

1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. கூத்தின் ஒரு பாணியான வடமோடியில் அமைந்தது அது.

இப்போது சிக்கலைப் பாருங்கள். ஊரில் இது முழு இரவு. ஒரு அரசன் வருவதற்கே எவ்வளவு நேரம் எடுக்கும் தெரியுமா? முதலில் கட்டியகாரன் வந்து, “இன்னார் வருகிறார்” என்று சபைக்கு அறிவிப்பான். பிறகு வெள்ளைத் துணியைப் பிடிப்பார்கள். துணிக்குப் பின்னால் சதங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். துணி விலகியதும் அரசன் வரவு ஆட்டம் ஆடுவார். வட்டம் வட்டமாக, நாலு பக்கத்துச் சனத்துக்கும் முகம் காட்டி ஆடி முடித்த பிறகுதான் வாயைத் திறந்து, தான் யார் என்று பாடுவார். அவர் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். இப்படி ஒவ்வொரு பாத்திரத்துக்கும். ஊருக்கு அது அலுப்பே இல்லை. ஆடுகிறவன் மச்சானோ மருமகனோ, யாரோ ஒருவன். இடையில் ஒரு தூக்கம் போட்டு எழும்பினாலும் கதை ஓடிப்போய்விடாது.

மண்டபத்தில் இது எடுபடுமா? வித்தியானந்தன் கத்தரிக்கோலை எடுத்தார். ஒரே தாளம், ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வந்த இடங்கள் போயின. வரவு ஆட்டம் சுருங்கியது. இரவு முழுவதும் ஆடியது இரண்டு மணிநேரத்துக்குள் அடங்கியது. நாலு பக்கம் திரும்பி ஆடியவர்கள் ஒரு பக்கம் பார்த்து ஆடினார்கள். களரிக்குள் நடுநாயகமாக நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடை ஓரத்துக்குப் போனார்கள். அரசர் உடுத்தும் பாரமான கரப்புடுப்பின் கனம் குறைந்தது. ஊரில் பெண் வேடமும் ஆண்கள்தான் போடுவார்கள். இங்கே மாணவிகள் ஆட வந்தார்கள். மின்விளக்கு வந்தது.

அடுத்த வருடம் ‘நொண்டி நாடகம்’. அதற்குப் பிறகு ‘இராவணேசன்’. என் கணக்கில் இந்த வரிசையின் உச்சம் இதுதான். முதல் இரண்டும் பழைய ஏட்டைச் சுருக்கியவை. ‘இராவணேசன்’ புதிதாக எழுதப்பட்டது. எழுதியவரும் இராவணனாக ஆடியவரும் மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு. இராவணன் இதில் பத்துத் தலை அரக்கன் இல்லை. தோற்கப்போவது தெரிந்தும் மானத்துக்காகப் போருக்குப் போகிற மனிதன். வடமோடியின் வீர ஆட்டத்துக்குள் இவ்வளவு துயரத்தை ஏற்றலாம் என்பது அங்கேதான் தெரிந்தது. 1968இல் ‘வாலிவதை’யோடு இந்தப் பேராதனை வரிசை முடிகிறது.

ஏன் முடிந்தது? மாணவர் நாடகத்தின் விதி அது. ஒரு குழு கால் படிந்து, குரல் சேர்ந்து, ஆட்டம் கைவருகிற நேரம் இறுதிப் பரீட்சை வந்துவிடும். இராவணன் பட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடுவான். ஊர்க் கூத்தில் கர்ணன் நாற்பது வருடம் கர்ணனாக இருக்கலாம். கம்பஸில் மூன்று நாலு வருடம்தான். ஆனால் அப்படிப் போனவர்களில் பலர் ஆசிரியர்களானார்கள். பாடசாலை மேடைகளில் கூத்து ஏறியதற்கு அது ஒரு காரணம்.

வித்தியானந்தன் 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். நாடகமும் அரங்கியலும் அங்கே பாடமாக வளர்ந்தது. 1985இல், ஷெல் விழுகிற காலத்தில், குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ பல்கலைக்கழகப் பண்பாட்டுக் குழுவின் நாடகமாகக் குடாநாட்டு ஊர்களுக்குப் போனது. அது தனிக் காணொளியாகச் சொல்லவேண்டிய கதை.

கத்தரிக்கோலுக்குத் திரும்புகிறேன். அதன் மேல் கோபமும் உண்டு. படித்தவர்கள் கூத்தைச் “செம்மைப்படுத்த” வந்தார்கள் என்றால், அதற்கு முன்பு அது செம்மையில்லாமலா கிடந்தது என்ற கேள்வி நியாயமானது. களரிக்கு நடுவில் நின்ற அண்ணாவியார் மேடையில் ஓரத்துக்குத்தான் போனார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர் 2000களில் வேறு வழி பிடித்தார். கூத்தைப் பெட்டிக்குக் கொண்டுவராமல், மட்டக்களப்பு சீலாமுனைக்குப் போய், ஊராரோடு இருந்து, எதை மாற்றலாம் எதை விடலாம் என்று அவர்களோடே பேசி மாற்றினார். மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். களரி வட்டமாகவே இருந்தது.

நான் இரண்டையும் ரசிப்பவன். ஆனாலும் 1962இல் அந்தக் கத்தரிக்கோல் இல்லாவிட்டால், யாழ்ப்பாணத்து இங்கிலீசு வீடுகள் கூத்தைத் திரும்பியே பார்த்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பது வந்தாறுமூலையில். கூத்துக்குப் பேர்போன ஊர். பழைய இராவணன் மௌனகுரு அங்கே நுண்கலைத் துறைக்குப் பேராசிரியராக வந்தார். ‘இராவணேசனை’த் திரும்ப எழுதி, புதுப் பிள்ளைகளுக்குப் பழக்கினார். அந்த வளாகத்து மண்டபத்தில் பெட்டி மேடை இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம், ஊருக்குள், வட்டக்களரி போடுவார்கள். ஒரே மத்தளம்தான் இரண்டுக்கும்.