ஜெர்மன்ல உங்க பேர் என்ன?

தர்மபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம், எங்கிருந்து கேட்டாலும் சரி, இன்னிக்குப் பழகப்போறது ஒண்ணே ஒண்ணு: ஜெர்மன்ல நம்ம பேரைச் சொல்றது.

நர்ஸிங் முடிச்சு ஜெர்மனி போக நினைக்கிறவங்களுக்குத் தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஜெர்மன் பயிற்சி தருது. முதல் படியான ஏ1 தேர்வுல, பேச்சுப் பகுதி தொடங்குறதே அறிமுகத்துலதான். பேர், வயசு, நாடு, ஊர், மொழி, வேலை, பொழுதுபோக்கு, இதெல்லாம் சொல்லணும்.

மூணு வாக்கியம் போதும்.
'இஹ் ஹைஸெ மீனா.' என் பேர் மீனா.
'மைன் நாமெ இஸ்ட் மீனா.' இதுவும் அதேதான். 'நாமெ'யும் நம்ம 'நாம'மும் தூரத்துச் சொந்தம்!
'இஹ் கொம்மெ அவுஸ் தர்மபுரி.' நான் தர்மபுரியிலிருந்து வரேன்.

அந்த 'இஹ்' கடைசி ஒலி தமிழ்ல இல்ல. 'ய' சொல்ல நாக்கை வைங்க, குரல் கொடுக்காம காத்தை மட்டும் விடுங்க. வந்துடும்.

நீ, நீங்க வித்தியாசம் அங்கயும் உண்டு. கூடப் படிக்கிறவங்களை 'வீ ஹைஸ்ட் டூ?'ன்னு கேட்கலாம். டாக்டரை, அதிகாரியை 'வீ ஹைஸன் ஸீ?'ன்னுதான் கேட்கணும். நமக்கு இது புதுசில்ல.

அடுத்து, தேர்வுல எழுத்துக்கூட்டவும் சொல்வாங்க. இங்கதான் இங்கிலீஷ் பழக்கம் காலை வாரும். அவங்களோட முதல் எழுத்து 'ஆ', அஞ்சாவது 'ஏ', ஒன்பதாவது 'ஈ'. அதனால மீனான்னா 'எம், ஏ, ஏ, என், ஆ'. இங்கிலீஷ் முறையில 'எம், ஈ, ஈ, என், ஏ'ன்னு சொன்னா, கேட்கிறவர் வேற எழுத்தை எழுதிக்குவார். ஆஸ்பத்திரி வேலை ஒப்பந்தத்துல ஒரு பேர், பாஸ்போர்ட்ல இன்னொரு பேர்னு ஆனா அலைச்சல் உங்களுக்குத்தான்.

கடைசியா இனிஷியல். அங்க 'ஃபோர்நாமெ'ன்னா உங்க பேர், 'நாஹ்நாமெ'ன்னா குடும்பப் பேர். நம்மள்ல நிறைய பேருக்குக் குடும்பப் பேரே கிடையாது. பாஸ்போர்ட்ல அந்த இடத்துல அப்பா பேர் இருந்தா, மீனாவை 'ஃப்ராவ் முனுசாமி'ன்னுதான் கூப்பிடுவாங்க. அப்பாவைக் கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பார்க்காதீங்க, அது நீங்கதான்! எந்தப் படிவம் வந்தாலும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே எழுதுங்க, இனிஷியலை விரிக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம்.

வீட்டுப்பாடம்: கண்ணாடி முன்னாடி நின்னு உங்க பேரை அஞ்சு தடவை எழுத்துக்கூட்டுங்க. அடுத்த எபிசோட்ல எண்கள். ச்யூஸ்! அப்படின்னா, வரேங்க!