சோகத்தைத் தொகுப்பவர்கள்

'சோகப் பாடல்கள்' என்று பெயர் போட்டுப் பன்னிரண்டு, பதினைந்து திரைப்பாட்டுகளை ஒரே கேசட்டில் அடைத்து விற்ற காலம் உண்டு. கேசட் போய்விட்டது, தொகுப்பு மட்டும் கைபேசிக்குள் குடியேறிவிட்டது. மயிலாப்பூர் சபா ரசிகருக்கு இந்த ஏற்பாடே ஒவ்வாது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த கச்சேரி முறையில் முகாரி ராகம் வரும், உருக்கும். அடுத்தாற்போல் விறுவிறுப்பான உருப்படி ஒன்று வந்து ஆளை மீட்டுவிடும். இரண்டரை மணி நேரமும் முகாரியும் சுபபந்துவராளியுமாகவே பாடினால் கேன்டீனில்தான் கூட்டம் இருக்கும். ஆனாலும் இந்தக் கண்டனத்தில் பாதிதான் எனக்கு உடன்பாடு. அழுகைப் பாட்டுகளை வரிசையாகக் கேட்பதில் பிழையில்லை. எல்லா அழுகையையும் ஒரே அழுகையாகக் கருதித் தொகுப்பதில்தான் பிழை.

மூன்று பாட்டுகளைப் பாருங்கள். 'பாலும் பழமும்' (1961) படத்தின் 'போனால் போகட்டும் போடா', 'சுமைதாங்கி' (1962) படத்தின் 'மயக்கமா கலக்கமா', 'புதிய பறவை' (1964) படத்தின் 'எங்கே நிம்மதி'. மூன்றையும் எழுதியவர் கண்ணதாசன். மூன்றுக்கும் இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. எந்தச் சோகத் தொகுப்பிலும் இவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதலாவதில் மனைவி இறந்துவிட்டாள் என்று நம்பும் மருத்துவர் மரணத்தோடு மல்லுக்கு நிற்கிறார். இரண்டாவதில் குடும்பச் சுமை தாங்காத இளைஞன் தன் மனத்தையே உட்காரவைத்துப் பேசுகிறான். மூன்றாவதில் முதல் மனைவியின் சாவு ஒருவனை விடாமல் துரத்துகிறது, டி.எம். சௌந்தரராஜன் குரலைச் சுற்றி எழும் அந்தப் பெரிய வாத்தியக் கூட்டம் அச்சத்தையும் குற்ற உணர்வையும் சேர்த்தே சுமக்கிறது. ஒரே கவிஞரும் ஒரே இசையமைப்பாளர்களும் இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்ததை ஒரே தலைப்பு கலந்துவிடுகிறது.

அழுகிறவனுக்கு எதற்கய்யா வகைப்பாடு என்று கேட்கலாம். தொல்காப்பியர் அப்படி விட்டுவிடவில்லையே! அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைச் சொன்னார்: இகழப்படுதல், இழத்தல், பழைய நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை. 'புதிய பறவை' நாயகனின் குற்ற உணர்வு இந்த நான்கில் எதிலும் சரியாகப் பொருந்தவில்லை என்பது உண்மைதான். ஐந்தாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இன்னொரு தடையும் உண்டு. இத்தகைய பாட்டுகள் துவண்டவனை மேலும் துவளவைக்கும் என்பார்கள். ஆனால் வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே கிளம்ப இருந்த கவிஞர் வாலியைத் தங்கவைத்தது, பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய 'மயக்கமா கலக்கமா'தான். இதை வாலியே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு அன்று வேண்டியிருந்தது வறுமையை அறிந்த பாட்டு. மரணத்தோடு மல்லுக்கு நிற்கும் பாட்டு அந்த வேலையைச் செய்திருக்குமா என்பது சந்தேகமே. ஆகவே தொகுப்பவர்கள் படப் பெயரோடு, பாடுகிறவன் எந்த நிலையில் நின்று பாடுகிறான் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கட்டும். காதல் தோல்விக்குக் கேட்க வந்தவர் 'தேவதாஸ்' படப் பாட்டுகளோடு இருக்கட்டும். வேலை தேடி அலுத்தவருக்குச் 'சுமைதாங்கி' முதலில் வரட்டும்.